கோவலூர்: பெண்ணைக் கரையில் ஒரு பழைய தலைநகர்

நுழையும்முன்

மதுரை, தஞ்சை, காஞ்சி, உறையூர் என்று பேரூர்களைச் சொல்லியே தமிழக வரலாற்றைப் பயின்று பழகிவிட்டோம். சங்கப் பாடல்களைப் புரட்டினால் வேறு பல ஊர்களும் தலைகாட்டுகின்றன. அவற்றுள் பல, இன்று பேருந்து நிலையமும் கடைத்தெருவும் வட்டாட்சியர் அலுவலகமும் கொண்ட அமைதியான ஊர்களாக இருக்கின்றன. அத்தகைய ஓர் ஊரைப் புறநானூற்றைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிவருகிறது இப்பாடம்.

விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் செல்லும் தொடர்வண்டிப் பாதையில் திருக்கோவிலூர் என்றொரு நிலையம் உண்டு. முழுநிலா நாள்களில் திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருங்கூட்டம் அந்நிலையத்தைச் சன்னல் வழியே பார்த்தபடி கடந்துவிடும். இறங்குவோர் சிலரே. இறங்கியவர்களுக்கும் ஊர் உடனே அகப்படுவதில்லை. நிலையம் இருப்பது ஆற்றின் வடகரையில், அரகண்டநல்லூரில். தென்பெண்ணையைப் பாலத்தின்மேல் கடந்து தென்கரைக்கு வந்த பிறகே ஊர் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு வடமேற்கே திருவண்ணாமலையும் கிழக்கே விழுப்புரமும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளன. கோட்டை மதில்களோ அரண்மனை எச்சங்களோ இங்கில்லை. எனினும் சங்கப் புலவர்கள் பலருடைய பாடல்களில் இடம்பெற்ற ஒரு தலைநகரம் இது.

பெயரில் மறைந்த ஊர்

சங்கப் பாடல்களில் இவ்வூரின் பெயர் கோவலூர். கோவலர் என்பது ஆநிரை மேய்ப்போரைக் குறிக்கும் பழஞ்சொல். கோவலர் வாழ்ந்த ஊர் கோவலூர் ஆயிற்று என்பர். பக்தி இலக்கியக் காலத்தில் ‘திரு’ என்னும் அடைமொழி பெற்றுத் திருக்கோவலூர் ஆனது. பின்னர் மக்கள் வழக்கில் அது திருக்கோவிலூர் என்றும் திருக்கோயிலூர் என்றும் திரிந்தது. இங்குப் பெருங்கோயில்கள் இருப்பதால் அத்திரிபு இயல்பானதாகவே தோன்றியிருக்கும். ஆயினும் ஒரு சிறிய எழுத்து மாற்றத்தால் நேர்ந்த இழப்பு சிறியதன்று. ‘திருக்கோவிலூர்’ என்ற பெயர்ப்பலகையைப் படிக்கும் மாணவர், புறநானூற்றில் வரும் கோவலூர் இதுதான் என்று எவ்வாறு அறிவார்? தமிழ்நாட்டில் கோயில் இல்லாத ஊர் ஏது? முல்லை நிலத்தின் மணம் வீசிய தனிப்பெயர் ஒன்று, எவ்வூருக்கும் பொருந்தும் பொதுப்பெயராகிவிட்டது.

கோவலூரைத் தலைநகராகக் கொண்ட நாடு மலையமான் நாடு. அதுவே மருவி மலாடு என்றும் மிலாடு என்றும் கல்வெட்டுகளில் வழங்குகிறது. பெண்ணையாறு பாயும் வயல்களும் முள்ளூர் மலையும் அந்நாட்டின் உடைமைகள். சோழ நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் கொங்கு நாட்டுக்கும் இடைப்பட்ட நிலம் அது. மூவேந்தருக்கும் வேண்டப்பட்ட நிலமாகவும் எவரும் எளிதில் விட்டுவைக்காத நிலமாகவும் அது இருந்ததற்கு இவ்விருப்பிடமே காரணம் எனலாம்.

காரி

மலையமான் திருமுடிக்காரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். சிறுபாணாற்றுப்படை வள்ளல் எழுவரை வரிசைப்படுத்துமிடத்து, இரவலர்க்கு இனிய மொழியோடு குதிரைகளை ஈந்தவன் என்று இவனைப் போற்றுகிறது. பெண்ணையாற்றுப் படுகையில் திருக்கோவிலூரை ஒட்டிக் கிடைத்த மலையமான் காசுகளில் குதிரை உருவம் பொறிக்கப்பட்டிருப்பதை இதனோடு இணைத்துப் பார்க்கத் தோன்றும். ஏட்டில் ஓடிய குதிரை செப்புக்காசிலும் நிற்கிறது.

காரியைக் கபிலர் பாடிய புறப்பாடல்கள் நான்கு (121-124) அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றைப் புகழ்ச்சி என்று மட்டும் படித்துக் கடந்துவிடக்கூடாது. முதற்பாட்டில் கபிலர் அரசனுக்கு அறிவுரை கூறுகிறார். கொடுப்பது எளிது, வந்தவருடைய தகுதியை அறிவதுதான் அரிது, எனவே புலவர் எல்லாரையும் ஒன்றுபோல் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார். பரிசில் பெற வந்த இடத்தில் பரிசில் தருபவனின் பார்வையைத் திருத்தும் துணிவு அது. மற்றொரு பாட்டில், நாள்காலையில் கள்ளுண்டு மகிழ்ந்திருக்கும்போது தேரைக் கொடுப்பது எவருக்கும் எளிது, உண்ணாத பொழுதும் காரி கொடுக்கும் தேர்கள் முள்ளூர் மலையில் பெய்யும் மழைத்துளிகளினும் பல என்கிறார். இன்னொன்றில், காரியின் நாடு அந்தணருக்கு உரியது, மூவேந்தர் தரும் பொருள் பரிசிலருக்கு உரியது, தன்னுடையது என்று அவன் சொல்லிக்கொள்ளத்தக்கது அவன் மனைவியின் உறவு ஒன்றே என்று கூறி முடிக்கிறார்.

‘மூவேந்தர் தரும் பொருள்’ என்ற குறிப்பு இங்கு நோக்கத்தக்கது. மூவரும் காரியின் படைத்துணையை வேண்டியே பொருள் அனுப்பினர். காரியின் கொடைக்குப் பின்னால் அவனுடைய போர் இருந்தது. கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் இவனே என்று அகநானூறு (209) கூறுகிறது. ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த பேராரவாரத்தை, காரியைப் புகழ்ந்த அதே கபிலர் நற்றிணையில் (320) உவமையாக்கியிருக்கிறார். ஓரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன் என்பதை நினைவிற்கொள்க. முல்லைக்குத் தேர் தந்த பாரி, மயிலுக்குப் போர்வை தந்த பேகன் என்று ஏழு பெயர்களையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்கிறோம். அவர்களுள் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்டவர்களும் உண்டு என்பதை அந்தப் பட்டியல் நமக்குச் சொல்வதில்லை.

வென்றவன் விட்டுச்சென்ற சொல்

காரியின் கோவலூரும் அழிவிலிருந்து தப்பவில்லை. அதனை அழித்தவன் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. அவனும் எழுவருள் ஒருவன். ஒளவைக்கு நெல்லிக்கனி தந்தவன். கோவலூரை அழித்த அவனுடைய தோளைப் பரணர் பாடினார் என்று ஒளவையார் புறநானூற்றில் (99) குறிப்பிடுகிறார். பரணரின் அப்பாட்டு இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு புலவர் பாடினார் என்று மற்றொரு புலவர் சொன்ன சொல்லில்தான் அச்செய்தி உயிர்வாழ்கிறது.

பாட்டு மட்டும் இருந்திருந்தால், இது புலவர் கூற்றுதானே என்று ஐயுறுவோர் இருக்கலாம். திருக்கோவிலூருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் ஜம்பை என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள குன்றின் இயற்கைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் ஒற்றைவரிக் கல்வெட்டு ஒன்று இருப்பதை 1981இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கண்டறிந்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்பது அதன் செய்தி. பாளி என்பது துறவியர் தங்கும் உறைவிடம். சங்கப் பாடல்களில் மட்டுமே பெயர் அறியப்பட்ட ஒரு தலைவன், மலையமான் நாட்டுக் குன்றில் கல்லில் எழுந்து நின்றான்.

அந்த ஒற்றை வரி வேறொரு முடிச்சையும் அவிழ்த்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் அசோகர் தம் பாறைக் கல்வெட்டில், தம் எல்லைக்கு அப்பால் தெற்கே இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்பாரையும் குறிப்பிடுகிறார். மூவேந்தரை அடையாளம் காண்பதில் சிக்கல் இருக்கவில்லை. நான்காமவர் யார் என்பதில் அறிஞர்கள் நெடுங்காலம் கருத்து வேறுபட்டனர். ஜம்பைக் கல்வெட்டு அப்பெயரை அதியமானின் பெயருக்கு முன் வைத்திருந்தது. சதியபுத்திரர் அதியர் மரபினரே என்னும் முடிவுக்கு அது வலுவான சான்றாயிற்று. இக்கல்வெட்டு கி.பி. முதலாம் நூற்றாண்டையொட்டியது என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு.

இங்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஜம்பைக் கல்வெட்டு கோவலூர்ப் போரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கோவலூரை அழித்ததைப் பாட்டுத்தான் கூறுகிறது; கல்வெட்டோ கொடையை மட்டும் கூறுகிறது. தகடூர்த் தலைவன் ஒருவன் இவ்வளவு தொலைவு வந்து மலையமானின் நிலத்தில் கொடை வழங்கியிருக்கிறான் என்றால் இந்நிலத்தின்மீது அவனுக்கு ஆட்சி இருந்திருக்க வேண்டும். எனவே ஒளவையின் பாட்டும் இக்கல்லும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்று உய்த்துணரலாம். உய்த்துணர்வதற்கும் கல்லில் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறவாதிருந்தால் போதும்.

தெரிந்து தெளிவோம்

புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில், பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சூழல் ஆகியவற்றை உரைநடையில் கூறும் பகுதி கொளு எனப்படும். அது பாடலின் ஒரு பகுதியன்று. பாடல்களைத் தொகுத்தவர்களால் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. பல பாடல்களில் அரசரின் பெயரும் நிகழ்ச்சியும் கொளுவின் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன.

யானையைக் கண்டு அழுகை மறந்தவர்கள்

இந்நாட்டின் குழந்தைகளைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனான மலையமானின் மக்களைப் பிடித்து, யானையின் காலில் இட்டுக் கொல்ல முற்பட்டான். அவ்விடத்தில் கோவூர்கிழார் பாடிய பாட்டு (புறம் 46) மிகச் சிறியது. நீ புறாவின் துயர் தீர்த்தவனுடைய மரபில் வந்தவன். இவர்களோ, அறிவை உழுதுண்ணும் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்டவர் மரபில் வந்தவர்கள் என்று தொடங்கி, அக்குழந்தைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்ட வியப்பில் அவர்கள் முன்னர் அழுத அழுகையை மறந்துவிட்டார்கள். இப்போது அவர்களை அச்சுறுத்துவது மன்றத்தில் கூடியிருக்கும் புதிய முகங்கள். நான் சொல்வதைக் கேட்டாய். இனி உன் விருப்பம்போல் செய் என்று பாட்டு முடிகிறது.

கொல்ல வந்த யானை, வேடிக்கை காட்ட வந்த யானையாகக் குழந்தைகளுக்குத் தோன்றியதாம். இதைவிட வலிமையான வழக்குரை ஒன்றைச் சங்க இலக்கியத்தில் காண்பது அரிது. புலவர் கெஞ்சவில்லை; அரசனைப் பழிக்கவும் இல்லை. அரசன் பார்க்கத் தவறியதைப் பார்க்கச் செய்தார். குழந்தைகள் உயிர் பிழைத்தனர்.

அக்குழந்தைகள் மலையமான் மக்கள் என்பது பாட்டில் இல்லை, கொளுவில்தான் இருக்கிறது. கொளு இல்லையெனில், எங்கோ பிறந்த யாரோ பிள்ளைகளாக அவர்கள் நின்றிருப்பார்கள்.

பின்னொரு காலத்தில் சோழன் ஒருவன் போரில் தோற்று ஒளிந்துகொள்ள இடம் தேடியபோது, அவனை முள்ளூர் மலையில் வைத்துக் காத்து மீண்டும் அரியணையில் அமர்த்தியது இதே மலையமான் மரபுதான் என்பதை மாறோக்கத்து நப்பசலையார் பாடலால் (புறம் 174) அறிகிறோம்.

ஆற்றின் நடுவே ஒரு பாறை

திருக்கோவிலூரின் கிழக்குப் பகுதி கீழையூர். அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அண்மையில், பெண்ணையாற்றுக்குள் பெரும்பாறை ஒன்று தனித்து எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில், பிற்காலத்தில் எழுப்பப்பட்ட மிகச்சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. ஊரார் இதனைக் கபிலர் குன்று என்பர். கோடையில் மணலில் நடந்தே சென்று அதன் அடியைத் தொடலாம். ஆற்றில் நீர் பெருகும் நாள்களில் நாற்புறமும் நீர் சூழ, கரையில் நின்று பார்ப்பதோடு அமைய வேண்டும்.

பாரியின் கதையை நீங்கள் அறிவீர்கள். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரி மாய்ந்தபின், அவனுடைய நண்பர் கபிலர், பாரி மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு பறம்பைவிட்டு வெளியேறினார். அவர்களுக்கு மணம் முடிக்க விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று வேண்டினார். இருவரும் இசையவில்லை. நாடிழந்த பெண்களை ஏற்று மூவேந்தரின் பகையைத் தேடிக்கொள்ள எவருக்குத் துணிவு வரும்? அப்பயணம் முடிந்த இடம் பெண்ணைக்கரை. எவ்வாறு முடிந்தது என்பதில்தான் சான்றுகள் பிரிகின்றன.

புறநானூற்றின் 236ஆம் பாடலில், நட்புக்கு ஏற்றவாறு தம்மை உடன் அழைத்துச் செல்லாமல் விட்டுச்சென்ற பாரியைக் கபிலர் கடிந்துகொள்கிறார். மறுமையிலும் இடைவிடாமல் உடனிருக்கும்படி ஊழ் தம்மைக் கூட்டுவிக்கட்டும் என்று வேண்டுகிறார். பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்பது அதன் கொளு. வடக்கிருத்தல் என்பது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு இருந்து உயிர்விடுதல்.

கீழையூர்க் கோயிலிலுள்ள கல்வெட்டு வேறுவகையாகக் கூறுகிறது. முதலாம் இராசராசன் காலத்தைச் (985-1014) சேர்ந்த அக்கல்வெட்டு செய்யுள் வடிவில் அமைந்தது. கபிலர், தம்மிடம் அடைக்கலமாக இருந்த பாரி மகளை மலையர்க்குக் கொடுத்துவிட்டு, வீடுபேற்றை எண்ணித் தீப்புகுந்தார் என்றும், அவ்வாறு புகுந்த இடம் பெண்ணையாற்றிலுள்ள கபிலக்கல் என்றும் அது கூறுகிறது.

உண்ணாநோன்பா, தீப்புகுதலா? பார்ப்பாரிடமா, மலையரிடமா? மகளிர் இருவரா, ஒருவரா? கொளுவைத் தொகுத்தவரும் கல்வெட்டுச் செய்யுளை யாத்தவரும் நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர்களே. எனவே கல்லில் இருப்பதாலேயே அது மெய், ஏட்டில் இருப்பதாலேயே இது பொய் என்று முடிவுகட்ட இயலாது. தேர்வுக்கு ஒரே விடை எழுதிப் பழகிய நமக்கு இது சற்று இடராகத்தான் இருக்கும். ஆயினும் இரு சான்றுகளும் ஒத்துப்போகும் செய்திகள் இரண்டு உள்ளன: கபிலர் தம் பொறுப்பை முடித்துவிட்டே சென்றார், செல்வது என்பது அவரே தேர்ந்துகொண்ட முடிவு. இடத்தைப் பொறுத்தவரை, இன்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பாறை கபிலரின் பெயரால் வழங்கியது என்பதைக் கல்வெட்டு ஐயமின்றிக் காட்டுகிறது. மன்னர்கள் மாறினர், ஊரின் பெயரே மாறியது, பாறையின் பெயர் மட்டும் மாறவில்லை.

அதே கல்வெட்டு மற்றொரு தீயையும் பேசுகிறது. இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர். கணவர் சுந்தர சோழர் மறைந்தபோது, பால்குடி மறவாத மகவை விட்டுவிட்டு அவர் எரியுள் புகுந்தார் என்பது கல்வெட்டின் செய்தி. தஞ்சைப் பெரியகோயிலைக் கட்டிய பேரரசனைப் பாடவந்த செய்யுள், அவன் தாய் பிறந்த மண்ணில் நின்று, அவளுடைய முடிவையும் கபிலரின் முடிவையும் ஒரே மூச்சில் நினைக்கிறது. கல்வெட்டு இதனைப் பெருமையாகவே பாடுகிறது. உடன்கட்டை ஏறுதலைப் பெருமையாகக் கருதிய காலத்தின் குரல் அது. இன்று படிக்கும் நம் கண்ணில் முதலில் படுவது அந்தக் குழந்தைதான்.

இடைகழியும் சுவடிக்கட்டும்

பக்தி இலக்கியத்திலும் இவ்வூருக்கு இடம் பெரிது. கீழையூர்க் கோயில், சிவபெருமானின் வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் எட்டு வீரட்டானத் தலங்களுள் ஒன்று. அந்தகாசுரனை அழித்த இடம் என்பது தலமரபு. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இதனைப் பாடியுள்ளனர். ஊரின் மேற்குப் பகுதியான மேலையூரில் உலகளந்த பெருமாள் கோயில் உள்ளது. செங்கல்லால் இருந்த அக்கோயிலைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டியவன் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலாட்டுத் தலைவன் நரசிங்கவர்மன்.

முதலாழ்வார் மூவரும் சந்தித்த இடமாக வைணவ மரபு போற்றுவதும் இவ்வூரையே. மழை பெய்யும் இரவில் ஒருவர் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்குகிறார். இடைகழி என்பது தெருவாயிலுக்கும் வீட்டின் உட்பகுதிக்கும் இடைப்பட்ட குறுகிய வழி. ஒருவர் படுக்கலாம். இரண்டாமவர் வந்தார், இருவர் இருக்கலாம். மூன்றாமவரும் வந்தார், மூவர் நிற்கலாம். நின்றார்கள். இருளில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தபோது, பொய்கையாரும் பூதத்தாரும் பாட்டினால் விளக்கேற்ற, பேயார் இறைவனைக் கண்டதாகப் பாடினார். மூன்று நூறு பாடல்கள் கொண்ட மூன்று அந்தாதிகள் இவ்வாறு பிறந்தன என்பது மரபு. சமயக் கருத்து ஒருபுறம் இருக்க, இடமில்லாத இடத்தில் அடுத்தவருக்கு இடம்கொடுத்த கதை இது என்பதை எண்ணும்போது, கொடைக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் இது நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது பொருத்தமாகவே தோன்றுகிறது.

பெரியபுராணம் கூறும் மெய்ப்பொருள் நாயனாரும் இவ்வூரிலிருந்து ஆண்டவரே. போரில் அவரை வெல்ல இயலாத முத்தநாதன், சிவனடியார் வேடம் பூண்டு, சுவடிக்கட்டுக்குள் படைக்கருவியை மறைத்துவந்து அவரைக் குத்தினான். காவலனாகிய தத்தன் அவனை வெட்ட ஓங்கியபோது, குருதி சிந்திய நிலையிலும் நாயனார் தடுத்து, அவனை ஊர் எல்லை கடக்கும்வரை தீங்கின்றிக் கொண்டுபோய் விடும்படி பணித்தார். தத்தன் திரும்பி வந்து, விட்டுவந்தேன் என்று சொல்லும்வரை உயிர் தாங்கியிருந்தார். காரியின் கொடை தேரும் குதிரையும் என்றால், இவருடைய கொடை தம்மைக் கொன்றவனுக்கு அளித்த வழித்துணை.

இவ்வூரைக் கடந்துசென்ற மற்றொருவரையும் குறிப்பிடலாம். 1896 ஆகஸ்டு இறுதியில், ஏறத்தாழ உங்கள் வயதுடைய வேங்கடராமன் என்னும் சிறுவன் மதுரையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் புறப்பட்டு, கையிலிருந்த காசு தீர்ந்துபோக, கால்நடையாக அரகண்டநல்லூருக்கு வந்து சேர்ந்தான். பாறைமீதுள்ள கோயிலில் தங்க இடம் கிடைக்கவில்லை. கீழையூரில் இரவைக் கழித்தான். மறுநாள் தன் காதணியை நான்கு ரூபாய்க்கு அடகுவைத்துத் திருவண்ணாமலைக்குத் தொடர்வண்டி ஏறினான். அடகுச் சீட்டை வழியிலேயே கிழித்தெறிந்துவிட்டான். மீட்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. பின்னாளில் இரமண மகரிசி என்று உலகம் அறிந்தவர் அவரே. அவருடைய வரலாற்றிலும் இவ்வூர் வழியில் வரும் ஓர் இரவாகவே இருக்கிறது. இதுவும் இவ்வூரின் இயல்புதான் போலும்.

இன்றைய பெண்ணைக்கரை

கருநாடக மாநிலத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருட்டினகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் வழியாக இங்கு வந்து, கடலூரை அடுத்துக் கடலில் கலக்கிறது. 1958இல் கட்டிமுடிக்கப்பட்ட சாத்தனூர் அணை இவ்வூருக்கு மேலே உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி இங்கு ஆறு மணற்பரப்பாகவே காட்சிதரும். நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள் கால்வாய்களையும் கிணறுகளையும் நம்பியிருக்கின்றன. ஆயினும் ஆறு இறந்துவிட்டது என்று எவரும் எண்ணிவிட முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலால் பெருமழை கொட்டி, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலான நீர் திறந்துவிடப்பட்டபோது, பெண்ணையின் இரு கரைகளிலும் வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கின.

அத்தகைய வெள்ளங்களை ஆயிரம் ஆண்டுகளாகத் தாங்கிய கபிலக்கல்லுக்கு வெள்ளத்தால் வரும் இடரைவிட மறதியால் வரும் இடரே பெரிது. ஆற்று மணலை அளவின்றி அள்ளினால், மணலுக்குள் கிடக்கும் மலையமான் காசுகளும் அதனோடு போகும். கோயிற்சுவரைத் தூய்மைசெய்வதாக எண்ணிச் சுண்ணமோ வண்ணமோ பூசினால், எழுத்துகள் அதன்கீழ் அடங்கிவிடும். மணல்வீச்சுக் கருவியால் தேய்த்தால் எழுத்தின் விளிம்புகள் மழுங்கிவிடும். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் நேர்ந்தது இது. சுவரில் இருப்பது வெறும் கீறல் என்று எண்ணுபவருக்கு அதனைப் பூசி மறைப்பதில் தயக்கம் இராது. அங்கே பாரி மகளின் பெயரால் ஒரு செய்தி இருக்கிறது என்று அறிந்தவர் தூரிகையை எடுக்கமாட்டார்.

மாலையில் பாலத்தின்மேல் நின்று பார்த்தால், வடகரையில் அரகண்டநல்லூர்ப் பாறைக்கோயிலும் தென்கரையில் கோபுரமும் தெரிகின்றன. கீழே ஆற்றின் ஓரமாகத் தேங்கிய நீரில் மாடுகள் இறங்கி நிற்கின்றன. அவற்றை ஓட்டிவந்தவர் கரையில் அமர்ந்திருக்கிறார். கோவலர் ஊர் என்ற பெயர் பலகையில் இல்லாவிட்டாலும், மாடுகளும் மேய்ப்பரும் இன்னும் இருக்கிறார்கள்.

கற்பவை கற்றபின்

1. கபிலரின் முடிவுகுறித்துப் புறநானூற்றுக் கொளுவும் கீழையூர்க் கல்வெட்டும் தரும் செய்திகளுள் எதனை ஏற்பீர்? இருதரப்பாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

2. கோவூர்கிழாரின் 46ஆம் புறப்பாட்டை முழுமையாகப் படித்து, கிள்ளிவளவனின் அவையில் நீங்கள் இருந்ததாகக் கருதி, அன்று நிகழ்ந்ததை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் ஊரிலோ அண்மையிலுள்ள ஊரிலோ பெயர் திரிந்து வழங்கும் தெரு, குளம், பாறை, மேடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பழம்பெயரை முதியோரிடம் கேட்டறிந்து குறித்து வருக. ஒருவர் கூறுவதும் மற்றொருவர் கூறுவதும் மாறுபட்டால் இரண்டையும் எழுதுக.